எல்லாம் ஒரே கல்லுதானே என்று கேட்டவருக்கு

அன்புள்ள சார்,

கம்போடியாவில் பாபுவோன் கோயிலைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறியதும், யாரிடம் என்றில்லாமல் கேட்டீர்கள்: "எல்லாம் ஒரே கல்லுதானே, இதுக்கு எதுக்கு இத்தனை கோயில்?" பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அப்போது வாயைத் திறக்கத் தெம்பில்லை. பதில் பாக்கி இருக்கிறது.

உங்கள் அலுப்பில் நியாயம் இருக்கிறது. விடியுமுன் எழுப்பி, அங்கோர் வாட் குளத்தங்கரையில் இருட்டில் நிறுத்தி, சூரியன் தலைகாட்டியதும் போட்டோ. உடனே தலை எண்ணி வண்டியில் ஏற்று. பிறகு பாயோன், பாபுவோன், தா ப்ரோம், பந்தேய் ஸ்ரெய், சாயங்காலம் பாகெங் மலை. அங்கே உச்சிக்கு ஒரு நேரத்தில் 300 பேரைத்தான் விடுவார்கள், ஆகவே அதற்கும் வரிசை. இப்படி ஓட்டினால் எதுவும் கல்லாகத்தான் தெரியும். பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு எத்தனை இடம் என்பதுதான் விளம்பரம். எதன் முன்னால் எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்பதில்லை, நாமும் பணம் கட்டும்போது கேட்கவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியை நீங்கள் பாபுவோன் வாசலில் கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் வேடிக்கை. 11ஆம் நூற்றாண்டுக் கோயில் அது. சரிந்துகொண்டே இருந்ததால், அதைக் கல் கல்லாகப் பிரித்துத் திரும்ப அடுக்குவது என்று 1960இல் பிரெஞ்சுக்காரர்கள் இறங்கினார்கள். ஏறக்குறைய 3 லட்சம் கற்களை எடுத்துச் சுற்றிலும் காட்டுக்குள் பரப்பி, எந்தக் கல் எங்கே என்று குறித்து வைத்தார்கள். உள்நாட்டுப் போர் வந்து வேலை நின்றது. கெமர் ரூஜ் என்ற தீவிர கம்யூனிஸ்ட் கூட்டத்தின் ஆட்சியில் அந்தக் குறிப்புகளும் அழிந்தன. மறுபடி 1995இல் தொடங்கியவர்களிடம் கற்கள் இருந்தன, கணக்கு இல்லை. சாந்து பூசாமல் கல்லோடு கல்லை இழைத்துப் பொருத்திய கட்டடம் என்பதால், ஒரு கல்லின் இடத்தில் இன்னொன்று உட்காராது. ஒவ்வொன்றாக அளந்து, இடம் தேடி முடிக்க 2011 ஆகிவிட்டது. எல்லாம் ஒரே கல்லாக இருந்திருந்தால் அவர்கள் பாடு எவ்வளவோ சுலபமாகியிருக்கும், சார்.

இன்னொன்றும் கேட்டீர்கள், ஜனங்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று. நல்ல கேள்வி, வழிகாட்டி காதில் விழவில்லை. கல் கடவுளுக்கு மட்டும்தான். ராஜாவின் அரண்மனைகூட மரம். மரம் மக்கிப்போனது, கோயில்கள் நின்றன. 2012இல் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் பாய்ச்சி அளந்தபோதுதான் காட்டுக்கு அடியில் தெருக்களும் குளங்களும் வரிசை வரிசையாகத் தெரிந்தன. நாம் வண்டியில் கடந்த அந்தக் காடெல்லாம் ஊர்.

அந்த ஊர்க்காரர்களைப் பார்க்க ஓர் இடம் உண்டு, அதையும் தாண்டித்தான் ஓடினோம். பாயோனில் எல்லாரும் கோபுர முகங்களைப் படம் பிடிக்க மேலே ஏறினோமே, கீழே வெளிப்பிராகாரத்தின் தெற்குச் சுவர். 12ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஏழாம் ஜெயவர்மன் தொடங்கிய கோயில். சுவரின் மேல் வரிசையில் பக்கத்துச் சாம்பா நாட்டாரோடு படகுச் சண்டை. தண்ணீரில் விழுந்தவனை முதலை பிடிக்கிறது, மரங்களுக்கு நடுவே மீன்கள் நீந்துகின்றன. சிற்பி தப்பாகச் செதுக்கவில்லை. மழைக்காலத்தில் தொன்லே சாப் ஏரி பெருகிக் காட்டுக்குள் புகுந்துவிடும். கீழ் வரிசையில் சண்டையைக் கண்டுகொள்ளாத சனம். சேவல் சண்டை நடக்கிறது, ஒருத்திக்குப் பேன் பார்க்கிறார்கள், இன்னொருத்திக்குப் பிரசவம். சந்தையில் விற்கிறவர்கள் பெண்கள். 1296இல் வந்த சீனத் தூதுக்குழுவில் இருந்த சோ தாகுவானும் இதையே எழுதியிருக்கிறார்: வியாபாரமெல்லாம் பெண்கள் கையில், கடை கிடையாது, தரையில் பாய் விரித்து விற்பார்கள் என்று. படை போகிற இன்னொரு காட்சியில், ஒருவன் கையிலுள்ள ஆமை முன்னால் போகிறவனின் பின்பக்கத்தைக் கடித்துவிட, அவன் திரும்பி முறைக்கிறான். அந்தச் சுவருக்கு முன்னால் அரை மணி நேரம் உங்களை நிற்கவிட்டிருந்தால் ஒரே கல் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

தா ப்ரோம் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. கோயிலைக் கவ்விய மரவேருக்கு முன்னால் போட்டோ எடுக்க நின்ற வரிசையைத் தவிர எனக்கு எதுவும் நினைவில்லை.

பந்தேய் ஸ்ரெய்யில் நீங்கள் ஏசியை விட்டு இறங்கவில்லை. அந்த வெயிலில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் கூட்டத்தில் அதை முதலில் கண்டுபிடித்திருக்கக்கூடியவர் நீங்கள்தான்; வழியெல்லாம் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு வந்தீர்களே. 967இல் குடமுழுக்குக் கண்ட சின்னக் கோயில், சிவந்த மணற்கல். கட்டியவர் ராஜா இல்லை, யக்ஞவராகர் என்ற ராஜகுரு. கிழக்கு வாசல் முகப்பில் சிவன் ஆடுகிறார். கீழே ஓரத்தில் எலும்பும் தோலுமாய், வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். படத்தை உங்கள் வாட்ஸப்புக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து அதே குழுவோடு துருக்கி என்றீர்கள். எபேசஸ் என்ற பழைய ரோமானிய நகரில் மேல் வாசலில் இறக்கிவிட்டுக் கீழ் வாசலில் ஏற்றிக்கொள்வார்கள். சரிவு, பளிங்குத் தரை வழுக்கும், நிழல் கிடையாது. செல்சஸ் நூலகத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் டெரஸ் ஹவுஸ் என்று மலைச்சரிவில் பணக்கார ரோமானியர்களின் வீடுகள் இருக்கின்றன. சுவர் ஓவியம், மொசைக் தரை எல்லாம் அப்படியே. தனிக் கட்டணம் என்று குழுக்கள் பலவும் விட்டுவிடும். நீங்கள் விடாதீர்கள். படிகள் அதிகம், ஆனால் மேலே கூரை போட்டிருக்கிறார்கள், வெயில் படாது. வண்டிக்கு நேரமாகிறது என்று வழிகாட்டி கொடியை ஆட்டினால் ஆட்டட்டும்.

அன்புடன்,
உங்களுக்குப் பின் சீட்டில் இருந்தவன்