அஜெண்டாவை அந்த அம்மணி கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோடு மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் 27 ஆண்டுகள் அலுவலக உதவியாளராக இருந்து 2019இல் ஓய்வு பெற்றவன் நான். மன்றக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாக அஜெண்டாவை, அதாவது கூட்டப் பொருள் பட்டியலை, சைக்கிளில் எடுத்துப்போய், 15 வார்டு உறுப்பினர்களிடமும் தபால் நோட்டில் கையெழுத்து வாங்கி வருவது என் வேலை. ஆள் வீட்டில் இல்லையென்றால் தோட்டத்துக்குப் போவேன். அங்கும் இல்லையென்றால் மஞ்சள் மண்டிக்குப் போவேன். உறுப்பினர் கையில் கொடுக்காமல் திரும்பினால் தலைமை எழுத்தரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

போன மாதம் பேக்கரி வாசலில் ஒரு காட்சியைப் பார்த்தேன். இப்போது என் இடத்தில் இருக்கும் பையன், டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் தபால் நோட்டை நீட்டினான். அவர் உறுப்பினர் அல்ல, உறுப்பினரின் கணவர். பைக் சீட்டின் மேல் நோட்டை வைத்து, மனைவியின் கையெழுத்தைத் தானே போட்டார். பெயரில் வரவேண்டிய ணகரத்தை னகரமாக எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். கட்டிய மனைவியின் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாதவர் வார்டுக் கணக்கைப் பார்க்கிறார்! அஜெண்டா நான்காக மடிந்து பெட்ரோல் டேங்க் உறைக்குள் போனது. அந்த அம்மணி அதைக் கண்ணால் கண்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எல்லா ஊரிலும் நடப்பதுதானே என்று கேட்பவர்களுக்கு 2011இல் அமைந்த மன்றத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் நான்காம் வகுப்பு வரை படித்த ஒரு பெரியம்மா உறுப்பினராக இருந்தார். நான் போனால் உடனே விடமாட்டார். “உட்காருங்க தம்பி, மோர் குடித்துவிட்டு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்க” என்பார். பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, சாக்கடை என்று வாசித்துக்கொண்டே போவேன். ஒருமுறை, குடிநீர்க் கிணற்று மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டிய செலவு என்று வாசித்ததும் நிறுத்தச் சொன்னார். “இதையே போன தைக்கும் வாசித்தீர்களே?” என்றார். ஆபீசுக்கு வந்து கோப்பைப் புரட்டினேன். அந்த ஒரே வருடத்தில் அது மூன்றாவது முறை.

கூட்டத்தில் அவர் எழுந்து கேட்டார்: “எங்கள் தோட்டத்து மோட்டார் காயில் கட்டினால் மூன்று வருடம் ஓடுகிறதுங்க. ஊர் மோட்டார் மட்டும் நாலு மாதத்துக்கு ஒருமுறை ஏனுங்க எரிகிறது?” சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை, மறுநாளே எலக்ட்ரீஷியனை அனுப்பினார். மின்சாரத்தின் மூன்று பேஸில் ஒன்று போனாலும் மோட்டார் நிற்காமல் இரண்டிலேயே முனகிக்கொண்டு ஓடும், காயில் கருகிவிடும். அதைத் தடுக்கும் பிரிவென்டர் என்ற கருவி ஸ்டார்ட்டரில் வேலை செய்யவே இல்லை. மாற்றினார்கள். நான் ஓய்வு பெறும் வரை அந்த மோட்டாருக்காக எந்தப் பில்லும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கேள்வியைச் செயல் அலுவலர் கேட்டிருக்க மாட்டார். பொறியாளர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தோட்டத்து மோட்டார் நின்றால் மறுநாள் தண்ணீர் கட்ட முடியாது என்ற கவலையோடு வாழ்ந்த ஒருவர்தான் கேட்டார்.

அந்த மன்றம் 2016 அக்டோபரில் முடிந்தது. பிறகு ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தேர்தலே இல்லை. தனி அலுவலர் ஒருவரே மன்றம், அவர் கையெழுத்தே தீர்மானம். அஜெண்டாவை யாரிடமும் கொண்டுபோகும் வேலை எனக்கு இல்லை. சைக்கிள் டயரில் காற்று இறங்கிக் கிடந்தது. கடைசியில் 2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாடு முழுக்கப் பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபோது, வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று ஓட்டுப் போட்டேன். முன்பு மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்கள் ஒதுக்கீடு 2016இல் பாதியாகிவிட்டதால், இம்முறை எங்கள் ஊரில் எட்டுப் பெண்கள் வென்றார்கள். அந்தப் பெரியம்மாவைப் போல எட்டுப் பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

உறுப்பினர்களைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. 2023 ஜூலையிலிருந்து பேரூராட்சி உறுப்பினருக்கு மாத மதிப்பூதியம் 2,500 ரூபாய். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று விடியற்காலையில் கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல அது மிகச் சொற்பம். கதவைத் திறந்து பதில் சொல்வதும் பெரும்பாலும் அந்த அம்மணிதான், கணவர் அல்ல. திட்டு வாங்குவது ஒருவர், கையெழுத்துப் போடுவது இன்னொருவரா?

செயல் அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அஜெண்டாவை உறுப்பினர் கையில் மட்டும் கொடுத்து, அவர் கண்முன்னே கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள். வீடு தெரியவில்லை என்று பையன் சொன்னால் நான் கூட்டிப் போகிறேன். டயருக்குக் காற்று அடித்துவிட்டேன்.

என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் ஊர் தெரிந்துவிடும், அந்தப் பையனுக்குத்தான் சங்கடம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலக உதவியாளர்,
ஈரோடு மாவட்டம்.