‘தி லவ் கிளப்’ முன்னோட்டம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூசிலாந்துப் பாடகி லார்ட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழில் அவருக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அவருடைய முதல் வெளியீடான ‘தி லவ் கிளப்’ ஈ.பி.யை (நான்கைந்து பாட்டு மட்டும் கொண்ட சிறு தொகுப்பு) ஒரே வரியில் முடித்திருந்தது மனதை உறுத்திவிட்டது. பிறகு வந்த ‘ப்யூர் ஹீரோயின்’ ஆல்பத்துக்கு அது ஒரு முன்னோட்டம் என்று சொல்லிக் கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். பத்து வருஷத்துக்கு மேலாக அந்த ஐந்து பாட்டையும் கேட்டு வருகிறவள் நான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா சேர்த்துவைத்த ஈ.பி. ரெக்கார்டுகள் இருந்தன. ஏழு அங்குலத் தட்டு, 45 வேகம், பக்கத்துக்கு இரண்டு சினிமாப் பாட்டு. விரல் படாமல் விளிம்பைப் பிடித்துத்தான் உறையிலிருந்து எடுப்பார். இரண்டாவது பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் கரகரவென்று ஓடும். எழுந்துபோய்த் திருப்பிப் போடுவார். அந்தத் தட்டுகளில் எது முதல் பாட்டு, எது நான்காவது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பெரிய எல்.பி.க்களில் எந்தப் பாட்டுக்கு அடுத்து எது என்பது நினைவில் நிற்கவே இல்லை. பாட்டு குறைவாக இருந்தால் வரிசை மனதில் உட்கார்ந்துவிடும். ‘தி லவ் கிளப்’பும் அப்படித்தான். மொத்தமே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஐந்து பாட்டும் ஒன்றன் பின் ஒன்றாக வருவதில்தான் அதன் அர்த்தமே இருக்கிறது.

முதல் பாட்டு ‘பிராவாடோ’. கோயிலில் கேட்பதுபோல விரிந்து எழும் குரலோடு தொடங்குகிறது. பாடுகிறவள் கூச்ச சுபாவக்காரி. எல்லோர் கண்ணும் தன் மேல் திரும்புவதே தன்னை அடிப்பது போலிருக்கிறது அவளுக்கு. அதனால் துணிச்சலை ஒரு சட்டையைப்போல மாட்டிக்கொள்கிறாள். இதற்கு அடுத்துத்தான் உலகமே அறிந்த ‘ராயல்ஸ்’ வருகிறது. ஆல்பத்தில் அது மூன்றாவது பாட்டு, அதற்கு முன்னால் ‘பிராவாடோ’ கிடையாது. அங்கே கேட்டால் பணக்கார வாழ்க்கையைத் தூக்கிப்போடும் ஒரு தைரியசாலியின் குரல் கேட்கும். ஈ.பி.யில் கேட்டுப் பாருங்கள், அந்தத் தைரியத்தை இப்போதுதான் எடுத்து உடுத்திக்கொண்ட பெண் தெரிவாள். ஒரே பாட்டுதான், பாடுகிற ஆளே மாறிவிடுகிறது. இந்த வித்தியாசத்தைக் கட்டுரை தொடாமல் விட்டதுதான் என் முதல் வருத்தம்.

‘ராயல்ஸ்’ எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்றும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். கிட்டார் இல்லை, வயலின் இல்லை. தாளம், விரல் சொடுக்கு, அடியில் கனத்த பேஸ் ஒலி, அவ்வளவுதான். பல்லவியில் பத்துப் பேர் சேர்ந்து பாடுவதுபோலக் கேட்பதெல்லாம் அவர் குரல் மேல் அவர் குரலே அடுக்கப்பட்டதுதான். ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். ‘ராயல்ஸ்’ என்ற சொல்லே ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. கான்சஸ் சிட்டி பேஸ்பால் வீரர் ஜார்ஜ் பிரெட் பந்துகளில் கையெழுத்துப் போடும் பழைய நேஷனல் ஜியோகிராஃபிக் படம் அது. அவர் சட்டையில் அவருடைய அணியின் பெயர், ‘ராயல்ஸ்’. அது அந்தப் பெண்ணின் மனதில் தங்கிவிட்டது.

அடுத்தது ‘மில்லியன் டாலர் பில்ஸ்’, தலைப்பே பணம். பிறகு ‘தி லவ் கிளப்’. என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஒரு நண்பர் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தவள், வெளியே வரத் தவிக்கிறாள். தான் வளர்ந்ததைப் பார்த்தவர்களிடமிருந்து அந்தக் கூட்டம் தன்னைப் பிரித்துவிட்டதே என்பதுதான் அவளுடைய குறை. பதின்வயதில் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் இதைச் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்கள். கடைசியாக ‘பைட்டிங் டவுன்’, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, தாளத்தின் மேலேயே ஓடி முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம். லார்டுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று கட்டுரையில் ஓரிடத்தில் வருகிறது. அப்படி இல்லை. ஆக்லாந்தில் டெவன்போர்ட் பகுதியில் வளர்ந்த லார்ட் (இயற்பெயர் ‘எல்லா யெலிச்-ஓகானர்’), 2009இல் பள்ளித் திறமைப் போட்டியில் பாடிய வீடியோ யுனிவர்சல் இசை நிறுவனத்தின் ஸ்காட் மக்லாக்லன் கண்ணில் பட்டபோது அவருக்கு 12 வயது. 13 வயதில் ஒப்பந்தம். அதன் பிறகு பாட்டுப் பயிற்சி. சேர்ந்து எழுத ஒவ்வொருவராகக் கூட்டிவந்து பார்த்தார்கள், எதுவும் சரிவரவில்லை. 2011 முடியும் தறுவாயில்தான் இசைத் தயாரிப்பாளர் ஜோயல் லிட்டில் கிடைத்தார். அவருடைய சின்ன ஸ்டூடியோவில், பள்ளி விடுமுறைகளில் வேலை நடந்தது. ‘ராயல்ஸ்’ வரிகளை லார்ட் வீட்டில் அரை மணி நேரத்தில் எழுதினார் என்பது உண்மைதான். அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் மூன்று வருஷம் இருக்கிறது.

அவர் அம்மா சோன்யா யெலிச் ஒரு கவிஞர். வீடு நிறையப் புத்தகம். சிறுகதைகள் மேல், அதிலும் ரேமண்ட் கார்வர் போன்றவர்களின் கதைகள் மேல் தனக்கு இருந்த பிடிப்பை லார்ட் சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு எல்லாம் விளங்கியது. நாம் சிறுகதையைக் கொண்டாடுகிறவர்கள் அல்லவா? புதுமைப்பித்தன் கதையை எழுதாத ஒரு நாவலின் முன்னோட்டம் என்று யாராவது சொன்னால் விடுவோமா? பாட்டு விஷயத்தில் மட்டும் ஏன் நீளமானதுதான் நிஜமானது என்று நினைக்கிறோம்?

2012 நவம்பர் 22 அன்று, 16 வயது நிறைந்து இரண்டே வாரத்தில், லார்ட் இந்த ஐந்து பாட்டையும் சவுண்ட்கிளவுட் என்ற இசை இணையதளத்தில் இலவசமாகப் போட்டார். அந்த வயதுப் பிள்ளைகளிடம் கிரெடிட் கார்டு ஏது? எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவைத்தது சரியான முடிவு. 60,000 தடவை பதிவிறக்கப்பட்ட பிறகுதான் 2013 மார்ச்சில் நிறுவனம் அதை விற்பனைக்கே கொண்டுவந்தது. அதே வருஷம் அக்டோபரில் ‘ராயல்ஸ்’ அமெரிக்கப் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்து ஒன்பது வாரம் இருந்தது. அடுத்த ஜனவரியில் இரண்டு கிராமி விருது.

தங்கப் பல், விலையுயர்ந்த மது, கார் என்று ‘ராயல்ஸ்’ ஒதுக்கும் பட்டியலில் பாதி, அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ஹிப்ஹாப்போடு ஒட்டியவை என்று அப்போதே அங்கே கண்டனம் எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. டெவன்போர்ட் வீட்டில் இருந்து பார்க்கும் 15 வயதுப் பெண்ணுக்கு அவை வெறும் டிவி காட்சிகள், அமெரிக்கக் கறுப்பினத்தவர்களுக்கு அப்படி இல்லை. கட்டுரை இதையும் சொல்லியிருந்தால் இன்னும் கனமாக இருந்திருக்கும்.

இளம் பாடகர்கள் பலர் இன்று ஈ.பி.யோடுதான் வருகிறார்கள். உங்கள் இசைப் பக்கத்தில் அவற்றுக்குத் தனியாக இடம் கொடுங்கள். ஆல்பம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லார்ட் பற்றி மறுபடி எழுதும்போது அந்த ஐந்து பாட்டின் பெயரையும் போட்டுவிடுங்கள்: பிராவாடோ, ராயல்ஸ், மில்லியன் டாலர் பில்ஸ், தி லவ் கிளப், பைட்டிங் டவுன். தயவுசெய்து இதே வரிசையில்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
மதுரை.