செயலாளர் ஆண்டறிக்கை: இருக்கும் காலைக் கவனிப்போம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம். சர்க்கரை நோயால் கால் இழந்தவர்களும், காலைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருப்பவர்களும் ஒன்றாக உட்காரும் சங்கம் இது. கடந்த ஆண்டு நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல் இரவல் கொடுப்பது தொடர்கிறது. தேவை முடிந்தவர்கள் தயவுசெய்து திருப்பித் தாருங்கள்; வாக்கருக்குக் காத்திருப்போர் இப்போதும் இருக்கிறார்கள்.

இந்த ஆண்டு நம் வேலையில் பெரும்பகுதி இருக்கும் காலைப் பற்றியது. செயற்கைக் கால், நடைப்பயிற்சி, மனு எழுதித் தருவது எல்லாம் வழக்கம்போல நடக்கின்றன. ஆனால் ஒரு காலை எடுத்துவிட்டால் நோய் அதோடு போய்விடுவதில்லை. அதே சர்க்கரை, அதே அடைபட்ட ரத்தக்குழாய், அதே மரத்துப்போன பாதம். போதாததற்கு, இரண்டு கால் சுமந்த பாரத்தை இப்போது ஒன்றே சுமக்கிறது. சில ஆண்டுகளிலேயே அடுத்த காலுக்கும் ஆபத்து வந்துவிடுவதை நம்மில் பலர் அனுபவித்தே அறிந்திருக்கிறோம்.

சர்க்கரை நோயால் நடக்கும் கால் அகற்றங்களில் சுமார் 85 சதவீதத்துக்கு முன்னால் பாதத்தில் ஒரு புண் இருந்திருக்கிறது. அந்தப் புண் பெரும்பாலும் அற்பமாகத்தான் தொடங்கும். நரம்பு பாதிக்கப்பட்டால் உணர்ச்சி மட்டும் குறைவதில்லை. வியர்வையும் நின்று தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. பாரம் ஒரே இடத்தில் அழுந்தி அங்கே காய்ப்பு விழுகிறது. காய்ப்புக்கு அடியிலேயே தசை நசுங்கிப் புண்ணாகிறது. வலிக்காததால் நடந்துகொண்டே இருக்கிறோம். ரத்த ஓட்டமும் குறைவாக இருந்துவிட்டால் புண் ஆறுவதற்கு வழியே இல்லை. கிருமி எலும்பு வரை இறங்கிவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் பாதப் பரிசோதனை முகாம் நடத்தினோம். வந்திருந்த பாத சிகிச்சை நிபுணர் கையில் ஒரு நைலான் இழை. 10 கிராம் விசையில் அது வளையும். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவர் முன்கையில் தொட்டதும் டக்கென்று சொன்னார். பெருவிரலடியில் இழை வளைந்தது, பேச்சில்லை. குதிகாலுக்கு முன்னால் வளைந்தது, அப்போதும் பேச்சில்லை. "ஆரம்பிக்கலாமே ஐயா" என்று கண்ணை மூடியபடியே கேட்டார். பக்கத்தில் நின்ற மகன் முகம் வாடிவிட்டது. அன்று முதல் தினமும் இரவு அப்பாவின் பாதத்தைப் பார்ப்பது தன் வேலை என்று அவர் சொன்னார், செய்தும் வருகிறார்.

அதே முகாமில் ஒரு அம்மா ஷூவைக் கழற்றியபோது உள்ளிருந்து சட்டைப் பொத்தான் ஒன்று விழுந்தது. எப்போது விழுந்ததென்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளங்காலில் பொத்தானின் வட்டம் அப்படியே பதிந்து சிவந்திருந்தது. ஷூவை உதறி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். சூடு தெரியாத காலை வெந்நீரில் வைக்காதீர்கள். தண்ணீரை முழங்கையால் பாருங்கள். கால் ஆணிக்குப் பிளேடு எடுக்காதீர்கள், ஒட்டும் மருந்துப் பட்டையும் வேண்டாம். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கி, வலியே இல்லாமல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அது எலும்பு நொறுங்கத் தொடங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம்.

வலி இல்லாமை எவ்வளவு பெரிய கேடு என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்து, தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர். அவர்களுடைய பாதம் தானாக அழுகவில்லை, உணர்ச்சியற்ற இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே சிதைக்கிறது என்று கண்டார். பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் இருந்தபோது அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பயன்பட்டது. பாதத்தைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரவலாக்கினால் உள்ளங்கால் புண் ஆறுகிறது. என்னதான் மருந்து வைத்துக் கட்டினாலும், அதே புண்ணின் மேல் நடந்துகொண்டிருந்தால் அது ஆறாது. நம்மில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறோம்.

அடுத்தது ரத்த ஓட்டம். நடந்தால் கெண்டைக்காலில் வலி, நின்றால் சரியாகிவிடும். இதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறோம். ராத்திரி காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்றால் நிலைமை முற்றிவிட்டது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் பரிசோதனையில் விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து, அடைப்பு இருந்தும் அளவு கூடுதலாகக் காட்டலாம். அப்போது கால்விரல் அழுத்தத்தைப் பார்ப்பார்கள். புண் ஆறவில்லை, காலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் "ரத்த ஓட்டம் பார்த்தாச்சா, அடைப்பை நீக்க வழி உண்டா?" என்று கேளுங்கள். இது என் உறுதியான கருத்து. அதே உறுதியோடு இன்னொன்றும் சொல்கிறேன்: கிருமி ரத்தத்தில் பரவி, உயிருக்கே ஆபத்து என்னும் நேரத்தில் நாள் கடத்தக் கூடாது. கால் எடுத்தது தோல்வி இல்லை. எடுத்ததால்தான் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லக்கூடியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எடுத்த கால் இன்னும் இருப்பதுபோல் தோன்றுவதும், இல்லாத விரல் வலிப்பதும் மனப்பிரமை இல்லை. மிகப் பலருக்கு வருவதுதான். நரம்பியல் அறிஞர் டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் தொடங்கிய கண்ணாடிச் சிகிச்சை, அதாவது இருக்கும் காலின் பிம்பத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்து, இல்லாத கால் அசைவதுபோல் உணரச் செய்வது, சிலருக்குப் பலன் தருகிறது, மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் கால் இருக்கிறது என்று எழுந்து ஊன்றி விழுந்தவர்கள் நம்மிடையே உண்டு. கட்டில் பக்கத்திலேயே வாக்கரையும் ஒரு சிறு விளக்கையும் வையுங்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு உடம்பில் நீர் ஏறி இறங்குவதால், வெட்டிய காலின் முனையும் வீங்கிச் சுருங்கும்; காலையில் பொருந்திய சாக்கெட், அதாவது செயற்கைக் காலில் அந்த முனையை நுழைக்கும் கிண்ணம், மாலையில் ஆடும். கூடுதல் உறை மாட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள், உராயவிட்டுப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

இந்த ஆண்டு நம்மைப் பிரிந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்தினோம். இதயமும் சிறுநீரகமும்தான் அவர்களில் பலரைக் கொண்டுபோயின. சர்க்கரை நோயால் கணுக்காலுக்கு மேல் கால் எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. காலின் ரத்தக்குழாய் அடைபட்ட உடம்பில் இதயக் குழாயும் அடைபட்டிருக்கலாம். ஆகவே புகையை அடியோடு விடுங்கள், ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகம், கண் எல்லாவற்றையும் பாருங்கள். பார்வை மங்கியவரால் தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாது. வீட்டிலுள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் பேச்சு தொடங்கும் முன் எல்லோரும் பாதத்தைக் காட்ட வேண்டும்; அதற்கான இழையையும் கைக்கண்ணாடிகளையும் சங்கமே வாங்கும். கால் எடுத்து வீடு திரும்புபவர்களை முதல் வாரத்திலேயே மூத்த உறுப்பினர் ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

முகாமுக்கு வந்து உதவிய மருத்துவர்கள், செவிலியர்கள், செயற்கைக் கால் வல்லுநர்கள், கட்டுப் போடப் பழகிக்கொண்ட குடும்பத்தார் அனைவருக்கும் நன்றி. இந்த அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்