திருமணிமுத்தாற்றங்கரைக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கு

சேலத்தின் ஆற்றங்கரைக்கும் ஏரிக்கரைக்கும் திட்டம் தீட்டும் கட்டிடக் கலைஞர்களே, பொறியாளர்களே, வணக்கம்.

நடைபாதை, விளக்குக் கம்பம், செல்ஃபி எடுக்க ஒரு வளைவு என்று நீங்கள் வரையும் எதற்கும் நான் எதிரி இல்லை. பழைய ஊரில் புதுக் கட்டிடமே கூடாது என்கிற கட்சியும் இல்லை. கேட்பது ஒன்றுதான். தண்ணீர் ஏறி வரும் நாளை நினைத்து முதல் கோடு போடுங்கள், திறப்பு விழா நாளை நினைத்து வேண்டாம்.

இத்தாலியில் கால்வாய்களின் மேல் நிற்கும் வெனிஸ் எங்கே, நம்ம ஆறு எங்கே என்று சிரிக்காமல் கொஞ்சம் கேளுங்கள். அங்கே பெருங்கால்வாயின் மேல் பெயர்பெற்ற ஸ்பெயின் கட்டிடக் கலைஞர் சாண்டியாகோ கலட்ராவா வடிவமைத்த நடைபாலம் 2008-ல் திறக்கப்பட்டது. பார்க்க அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் படிகளில் கண்ணாடி பதித்திருந்தார்கள். மழை பெய்தால் சனங்கள் வழுக்கி விழுந்தார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வழியே இல்லை. அப்புறம் அவர்களை ஏற்றிப் பாலத்தைக் கடக்க முட்டை வடிவத்தில் ஒரு கூண்டை மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் ஒழுங்காக ஓடாமல் 2020-ல் கழற்றப்பட்டது. செலவு எகிறியதற்காக 2019-ல் அரசுச் செலவைக் கண்காணிக்கும் தணிக்கை நீதிமன்றம் கலட்ராவாவுக்கு அபராதமே போட்டது. கடைசியில் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கல் பதிப்பது என்று முடிவானது. கல்லுக்குப் பஞ்சமே இல்லாத நம் ஊரில் வழவழ டைல்ஸை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

அதே வெனிஸில் இதற்கு நேர்மாறான வேலையும் உண்டு. குவெரினி ஸ்டாம்பாலியா என்ற பழைய மாளிகையின் தரைத்தளத்தை 1960-களின் தொடக்கத்தில் கட்டிடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா திருத்தி அமைத்தார். வெள்ளத்தைத் தடுக்க அவர் சுவர் எழுப்பவில்லை. கால்வாய்ப் பக்கக் கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வரட்டும் என்று விட்டார். அது ஓடிவர ஒரு வாய்க்கால், ஆள் நடக்க அதற்குமேல் உயர்த்திய தளம். வெள்ளம் வருகிறது, போகிறது, கட்டிடம் நிற்கிறது. ஸ்கார்பா அந்த ஊர்க்காரர் என்பதால் தண்ணீரின் குணம் தெரிந்திருந்தது.

நமக்கும் தெரியும். ஏற்காட்டில் பேய்மழை பெய்தால் அன்றைக்கே திருமணிமுத்தாறு பொங்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையே சரிந்தது. மலையில் விழுந்த அந்தத் தண்ணீர் ஊருக்குள் தானே வந்தாக வேண்டும்? இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி ஆற்றைக் குறுக்கினால், இங்கே தப்பிக்கிற தண்ணீர் அடுத்த தெருவில் ஏறும். மூக்கனேரியைப் பாருங்கள். 2010 வாக்கில் ஊர்மக்கள் சேர்ந்து தூர்வாரி, அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அவை பறவைகள் தங்கும் தீவுகள். பெரிய கட்டிடக் கலைஞர் யாரும் கையெழுத்துப் போட்ட வேலை இல்லை அது. ஆனால் நல்ல வடிவமைப்பு.

சாக்கடை கலப்பதை நிறுத்தாமல் கரையில் பெஞ்ச் போட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு யார் உட்காருவார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கோரிக்கை. டெண்டர் விடுவதற்கு முன், ஆடித் திருவிழாவுக்கு ஊரே கூடும்போது, கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் பந்தல் போட்டு உங்கள் வரைபடங்களை மாட்டி வையுங்கள். வெள்ளம் எந்த மட்டம் வரை வந்திருக்கிறது என்பதையும் அதிலேயே சிவப்புக் கோட்டில் காட்டுங்கள். கரையோரம் பூ விற்கும் அம்மாக்கள் அந்தக் கோடு சரியா தப்பா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
சேலத்துக்காரன் ஒருவன்