யார் யாரை ‘அண்ணாச்சி’ என்று அழைக்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட்டாரப் பட்டப்பெயர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ‘அண்ணாச்சி’, ‘பாண்டி’, ‘சேட்டு’, ‘பையா’ முதலிய சொற்களின் வேர்களை எடுத்துக்காட்டி, இவற்றில் ஒன்றுகூட வசைச்சொல் அன்று என்றும், உறவுப் பெயரையும் நாட்டுப் பெயரையும் கேட்டு ஒருவர் முகம் சுளிப்பது சொல்லறியாமையே என்றும் கட்டுரையாளர் முடித்திருந்தார். வேர்களைப் பற்றி அவர் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. அந்த முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. அவருடைய பட்டியலில் முதலாவதாக உள்ள சொல்லைப் பல ஆண்டுகள் சுமந்தவன் என்னும் முறையில் இதை எழுதுகிறேன்.

நெல்லைச் சீமையில் ‘அண்ணாச்சி’ என்பது வயதில் மூத்த ஆணை, அவர் முன்பின் அறியாதவராயினும், அழைக்கும் சொல். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும் அண்ணாச்சிதான், வழி கேட்கப்படுபவரும் அண்ணாச்சிதான். 1974-ஆம் ஆண்டு, 17 வயதில், சென்னை சைதாப்பேட்டையில் பெரியப்பா நடத்திய மளிகைக் கடைக்கு நான் வேலைக்குச் சென்றேன். என் தாயைவிட மூத்த பெண்கள் என்னைப் பார்த்து, “அண்ணாச்சி, அரைக் கிலோ துவரம்பருப்பு” என்றபோது முதல் சில நாட்கள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெரியப்பாவும் அண்ணாச்சி, நானும் அண்ணாச்சி, பொட்டலம் மடித்த 12 வயதுச் சிறுவனும் அண்ணாச்சி என்பதைக் கவனித்த பிறகுதான் அது எங்களில் எவரையும் குறிக்கவில்லை என்பது விளங்கியது. ஒருநாள் ஓர் அம்மையார் எங்கள் எதிரிலேயே தம் மகளிடம், “அண்ணாச்சி கடை, எடையைப் பார்த்து வாங்கு” என்றார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். இரவு கல்லாவைப் பூட்டும்போது, “நம்ம ஊர்ல அண்ணாச்சின்னா ஆளுல. இங்க அது கடைக்குப் பேரு” என்றார். அந்த அம்மையார் பயன்படுத்திய சொல்லும் நாங்கள் ஊரில் பயன்படுத்தும் சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

பின்னர் ஊர் திரும்பி, தென்காசியில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கராகப் பல ஆண்டுகள் இருந்தேன். செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்து ஆரியங்காவைக் கடந்தால் அதே ‘அண்ணாச்சி’ இன்னும் ஒரு படி இறங்கிவிடுகிறது. மலையாளம் பேசுவோர் சிலரிடத்தில் அது தமிழரை ஏளனமாகக் குறிக்கும் சொல், அதற்கு இணையாக வழங்குவது ‘பாண்டி’. மாணிக்கவாசகர் இறைவனுக்குப் பழம்பதி என்று பாடிய நாட்டின் பெயர் அது. எங்கள் ஓட்டுநர்களுக்கு இது தெரியாததன்று. பாண்டியர் பெருமையை மணிக்கணக்கில் பேசக்கூடிய ஒருவரே புனலூர்ச் சந்தையில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கைகலப்பு வரைக்கும் போனார். அந்தச் சொல்லோடு சேர்ந்தே, “வண்டியைப் பின்னால் எடு, எங்கள் வண்டி முதலில் இறக்கட்டும்” என்பதும் வந்தது. பல ஆண்டுகள் அப்படியே வந்துகொண்டிருந்தால், பின்னால் வருவதைச் சொல்லாமல் விட்டாலும் பெயரே அதைச் சொல்லிவிடும். (செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. அன்று எல்லைக்கோடு நகர்ந்ததும் அவ்வூர்க்காரர்களும் பாண்டிகள் ஆனார்கள் போலும்.)

நல்ல பொருள் தந்த சொல் தாழ்ந்த பொருளுக்கு இறங்குவதை இலக்கணம் படித்தோர் இழிபொருட்பேறு என்பார்கள். நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ கெட்ட வாடையைக் குறிக்க வந்ததைச் சான்று காட்டுவார்கள். ஆனால் நாற்றத்துக்கு நேர்ந்ததில் எவருக்கும் நட்டமில்லை. அதேபோல, கோதுமைப் பாலும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் நம் ஊர்ப் பண்டத்தின் பெயரால் ‘அல்வா கொடுப்பது’ என்றால் ஏமாற்றுவது என்று தமிழகமே பேசுகிறது. அதைக் கேட்டு நெல்லையில் எவரும் மனம் நொந்ததாக நான் அறியேன், நாமும் சேர்ந்தே சிரிக்கிறோம். திருநெல்வேலி என்றவுடன் ‘அரிவாள்’ என்பதும் வேடிக்கையாகத்தான் சொல்லப்படுகிறது. ஆனால் வெளியூரில் வேலை கிடைத்து வாடகைக்கு வீடு தேடிய என் மகனிடம் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வீடு இல்லை என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்த வேடிக்கைக்கு எவரும் சிரிப்பதில்லை.

கெட்ட எண்ணமின்றிச் சொன்னால் குற்றமாகாது என்றும் கட்டுரையாளர் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். இதற்கு நம் சீமையிலேயே பழைய சான்று உண்டு. பாதிரியார் கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்து, அரை நூற்றாண்டுக் காலம் அம்மக்களிடையே வாழ்ந்து, பள்ளியும் கோயிலும் எழுப்பியவர். அவருடைய நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் பனைத் தொழில் செய்த அம்மக்களைக் குறித்து அவர் 1849-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை, பின்னர் அதே சமூகத்தில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள் எடுத்து வாசித்தபோது கொதித்தெழுந்தார்கள். அதன் தலைப்பில் இருந்த பழைய பெயரை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி ‘நாடார்’ என்று எழுதவைப்பதற்கு, 1921 மக்கள் தொகைக் கணக்கெடுப்புக் காலம் வரை அவர்கள் போராட வேண்டியிருந்தது. அந்தப் பழைய பெயரை நான் இங்கு எழுதவில்லை. எழுதாமலே எதைச் சொல்கிறேன் என்று நம் வாசகர் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இதுவரை பிறர் நமக்குச் செய்ததையே எழுதிவந்தேன். நாம் செய்வதையும் எழுதாவிட்டால் இக்கடிதம் நேர்மையானதாகாது. ‘ஏலே’ என்பது எங்கள் ஊரில் அன்பின் அழைப்பு என்று நாம் வெளியூர்க்காரர்களிடம் பெருமையோடு விளக்குகிறோம். நண்பனுக்கு நண்பனும் மகனுக்குத் தாயும் சொல்லும்போது அது அன்புதான். ஆனால் என் சிறு வயதில், ஊருக்குள் வேலைக்கு வந்த நரைத்த தலையுள்ள பெரியவரை, மேலத்தெருப் பிள்ளைகள் பெயர் சொல்லி ‘ஏலே’ என்று கூப்பிட்டதையும், அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்ததையும் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுள் நானும் ஒருவன். வழிப்போக்கரைக்கூட அண்ணாச்சி என்ற நம் ஊரில், அந்தப் பெரியவரை அப்படி அழைக்க ஒருவருக்கும் நா எழவில்லை. கொடுக்கப்பட்ட பெயர்களை மட்டும் கணக்கெடுத்த கட்டுரையாளர், கொடுக்கப்படாத பெயர்களையும் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

‘காலனி’ என்னும் சொல்லையும் இங்கேயே குறிப்பிட வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கம் என்.ஜி.ஓ. காலனியில் வீடு என்றால் அது மதிப்பு. அரசு ஊழியர் குடியிருப்பு என்பதற்கு மேல் அதில் எவரும் எதையும் கேட்பதில்லை. பத்துக் கல் தள்ளி ஒரு சிற்றூரில், “நீ காலனியா?” என்று கேட்டால் அது சாதியைக் கேட்பது. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில், அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தபோது, வெறும் ஆங்கிலச் சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுள் பெரும்பாலோர் முதல் வகைக் காலனியில் குடியிருப்பவர்களாகவே எனக்குத் தோன்றியது. புதிய பெயரும் சில ஆண்டுகளில் அதே கறையை ஏற்றுக்கொள்ளக்கூடும் என்னும் ஐயம் எனக்கும் உண்டு. அதற்காகப் பழையதையே சுமக்கச் சொல்வது நியாயமாகாது.

சென்ற ஆண்டு என் வீட்டில் டைல்ஸ் ஒட்டுவதற்கு உத்தரப் பிரதேசத்துத் தொழிலாளி ஒருவர் வந்திருந்தார். இந்தியில் ‘பையா’ என்றால் அண்ணன் என்று எனக்குத் தெரியும். ஆகவே நம் அண்ணாச்சியைப்போல மரியாதையாக இருக்கட்டும் என்று அவரை அப்படியே அழைத்தேன். மூன்றாம் நாள், இங்கு வந்து கற்ற தமிழில் அவர், “சார், பேர் சொல்லுங்க. பையா வேண்டாம். மும்பைல அடிக்கிறதுக்கு முன்னாடி அதத்தான் சொல்வாங்க” என்றார். வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்களை மும்பையில் அச்சொல்லாலேயே இழிவாகக் குறிப்பதைப் பிறகு விசாரித்து அறிந்தேன். சைதாப்பேட்டைக் கடையில் நின்ற எனக்கு இதை வேறொருவர் விளக்க வேண்டியிருந்ததுதான் வெட்கம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். திருட்டு வழக்கில் அம்பாசமுத்திரத்துக்காரர் பிடிபட்டால் தங்கள் நாளிதழ் ‘வாலிபர் கைது’ என்று தலைப்பிடுகிறது. வேற்று மாநிலத்தவர் பிடிபட்டால் ‘வடமாநில வாலிபர் கைது’ என்று தலைப்பிடுகிறது. ‘வடமாநிலம்’ என்பதில் இழிவான பொருள் ஏதும் இல்லைதான். ஆனால் அத்தகைய தலைப்புகளில் மட்டுமே அதைப் படித்துவரும் வாசகருக்கு, அச்சொல்லைக் கண்டதும் அடுத்த சொல் தானாகவே நினைவுக்கு வந்துவிடுகிறது. குற்றத்துக்கும் பிறந்த மாநிலத்துக்கும் தொடர்பில்லாத செய்திகளில் அந்த அடைமொழியை நிருபர்கள் தவிர்க்கும்படி தாங்கள் அறிவுறுத்த வேண்டும். சென்னைப் பதிப்பில் அவ்வப்போது வரும் ‘நெல்லை ரவுடி’ என்னும் தலைப்புக்கும் இவ்வேண்டுகோள் பொருந்தும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற லாரி அலுவலகக் கணக்கர்,
பாளையங்கோட்டை