லைக்காவோடு நிறுத்திவிடாதே

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபிக்காதே. அத்தைக்குக் கால்வலி இப்போது தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். ரமணி மறுபடியும் வேலையை விட்டுவிட்டாள். அந்தக் கதையை நேரில் சொல்கிறேன்.

விண்வெளிக்கு அனுப்பிய பிராணிகளைப் பற்றிப் பேச கயலுக்கு நீ எழுதிக்கொடுத்த பேச்சைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையெழுத்து இன்னும் கோழி கிளறினாற்போலத்தான் இருக்கிறது, அதை விடு. ‘லைக்கா ஒரு வாரம் பூமியைச் சுற்றிவிட்டு வலியில்லாமல் உயிர்விட்டது’ என்று எழுதியிருக்கிறாயே, முதலில் அதை அடித்துவிடு. நாம் படித்தபோது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1957 நவம்பர் 3 அன்று சோவியத் விண்கலமான ஸ்புட்னிக் 2 கிளம்பிய சில மணி நேரத்திலேயே, உள்ளே சூடு ஏறி அந்த நாய் செத்துப்போயிற்று. அந்த உண்மை வெளியே வந்தது 2002-இல்! திரும்பக் கொண்டுவர வழியே இல்லை என்று தெரிந்துதான் அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் யாஸ்தோவ்ஸ்கி என்ற மருத்துவர் அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டிருக்கிறார். அந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்கவே முடியவில்லை, செண்பகம்.

லைக்காவுக்காவது பேரும் சிலையும் இருக்கின்றன. ஃபெலிசெட்டை உனக்குத் தெரியுமா? கறுப்பும் வெள்ளையுமான ஒரு பூனை. பிரெஞ்சுக்காரர்கள் 14 பூனைகளைப் பழக்கினார்கள். மூளைக்குள் மின்முனை பதித்தார்கள். பாசம் வந்துவிடக் கூடாதென்று எதற்கும் பேர் வைக்கவில்லை. 1963 அக்டோபர் 18 அன்று, அல்ஜீரியப் பாலைவனத்திலிருந்து வெரோனிக் ராக்கெட்டில் அதை ஏற்றினார்கள். சுமார் 13 நிமிடப் பயணம். உயிரோடு திரும்பிவிட்டது! எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்புறம் பார்த்தால், சில மாதங்களில் மூளையைச் சோதிக்க வேண்டுமென்று அவர்களே கொன்றுவிட்டார்கள். விண்வெளிக்குப் போய்த் திரும்பிய ஒரே பூனை அது. அதற்குச் சிலை வைக்க 2019 வரை ஆயிற்று, அதுவும் பொதுமக்கள் போட்ட பணத்தில்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஹாம் என்ற சிம்பன்சி 1961 ஜனவரியில் போய் வரும்வரை அதற்கு வெறும் எண் 65. பேர் உள்ள பிராணி செத்தால் ஊர் பதறும் என்ற கணக்கு. அது சிரிக்கிற படத்தை நீ ஒட்டி வைத்திருக்கிறாய். சிம்பன்சி அப்படிப் பல்லைக் காட்டுவது உச்சக்கட்டப் பயத்தில் என்று சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தை எடுத்துவிடு. அதே ஆண்டு நவம்பரில் ஈனோஸ் என்ற இன்னொரு சிம்பன்சி பூமியை இரண்டு சுற்று சுற்றியது. சோதனையில் தப்பான விடைக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற கருவி பழுதாகி, சரியான விடைக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஈனோஸ் விடாமல் சரியான விடையையே கொடுத்திருக்கிறது. யோசித்துப் பார், அந்த நேரத்தில் அது என்ன நினைத்திருக்கும்?

அறிவியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடையில்லாத நிலையில் இதயம் ஒழுங்காகத் துடிக்குமா, சாப்பிட்டதை விழுங்க முடியுமா என்றெல்லாம் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் லைக்காவைப் பழக்கிய ஒலெக் கசென்கோவே, அந்த நாயின் சாவை நியாயப்படுத்துகிற அளவுக்கு அதிலிருந்து நாங்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று 1998-இல் வருந்திச் சொன்னார். அவரே அப்படிச் சொன்ன பிறகு, ‘மனிதகுலத்துக்காக உயிர்த்தியாகம் செய்தன’ என்று கயல் ஏன் மேடையேறிச் சொல்ல வேண்டும்? அவற்றை யாரும் கேட்கவில்லையே.

பிள்ளைகள் அழுதுவிடுவார்கள் என்று பயப்படாதே. நல்லதும் உண்டு. 1951-இல் பறந்து திரும்பிய சிகான் என்ற நாயை பிளாகொன்ராவோவ் என்ற விஞ்ஞானி தன் வீட்டிலேயே வைத்து வளர்த்தார். 1968 செப்டம்பரில் மனிதனுக்கு முன்னாலேயே நிலவைச் சுற்றிவிட்டு உயிரோடு வந்தவை இரண்டு ஆமைகள், தெரியுமா? நம் பொன்னுசாமி வாத்தியார் இருந்திருந்தால் இதைக் கேட்டு மேசையைத் தட்டியிருப்பார்.

பேச்சு நீளமாகிவிட்டால் ஆமையை வேண்டுமானால் விட்டுவிடு. ஃபெலிசெட்டை விடாதே. திருத்தியதும் எனக்கு ஒரு படி அனுப்பு, கயலையே எழுதச் சொல்.

அன்புடன்,
ராஜி