கோபன்ஹேகனிலிருந்து செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் பாயசம்தான். முழங்கால் வலிக்கு மட்டும் என்னிடம் மருந்து கேட்காதே. நானே படியைக் கண்டால் யோசிக்கிறேன்.

சென்னை கொடுங்கையூரின் குப்பை எரி உலை பற்றிய கூட்டத்தில் ஒருவர், "கோபன்ஹேகனில் ஊருக்கு நடுவே குப்பையை எரித்து, கூரையில் பனிச்சறுக்கு ஆடுகிறார்கள்" என்று மடக்கினாராமே. பொய்யில்லை. அமேகர் பக்கே உலை 2017இல் வந்தது, கூரைச் சறுக்குமேடை 2019இல். புகையை நன்றாகவே வடிகட்டுகிறார்கள். ஆனால் அவர் பாதிதான் சொன்னார்.

இங்கே எரிப்பதன் முதல் நோக்கம் வெப்பம். 1973 எண்ணெய் நெருக்கடியில் சூடுபட்ட டென்மார்க், 1979இல் சட்டமே போட்டுத் தெருவுக்கடியில் வெந்நீர்க் குழாய்களைப் பரப்பியது. இன்று இந்நகரின் கட்டடங்களில் ஏறக்குறைய எல்லாமே அந்தக் குழாயில்தான் குளிர்காய்கின்றன. மின்சாரம் எடுத்தபின் மிஞ்சும் சூடும் வீணாவதில்லை என்பதால்தான் கணக்கு கட்டுபடியாகிறது. கொடுங்கையூரில் அந்த வெந்நீரை யார் வாங்குவார்கள்? போதாததற்கு நம் குப்பையில் ஈரம் அதிகம். அதை உலர்த்தவே நெருப்பில் ஒரு பங்கு போய்விடும்.

இங்கேயும் எல்லாம் சுகமில்லை. உலையைக் கட்டும்போதே அளவு பெரிது என்று சண்டை நடந்தது. பசித்த உலைக்குத் தீனி வேண்டும். பிரிட்டனிலிருந்தெல்லாம் குப்பை கப்பலேறி வந்தது. அதில் எரியும் பிளாஸ்டிக் பெட்ரோலியம்தானே, கரியமில வாயு வராமல் எங்கே போகும்? 2025க்குள் நிகரக் கரிம உமிழ்வு இல்லாத, அதாவது வெளியிடும் கரியமில வாயுவை முழுக்க ஈடுகட்டும் தலைநகராவோம் என்று மார்தட்டிய மாநகராட்சி, உலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் திட்டத்துக்கு அரசுப் பணம் கிடைக்காமல் போகவே, 2022இல் அந்த இலக்கைக் கைவிட்டது. நாடாளுமன்றக் கட்சிகளோ, எரிக்கும் திறனைக் குறைத்து, குப்பையைப் பத்து வகையாகப் பிரிப்பது என்று 2020இலேயே முடிவெடுத்திருந்தன. எங்கள் சமையலறையில் நடக்க இடமில்லாததற்குக் காரணம் அதுதான்.

எனக்கு அதைவிட எரிச்சல் மரத்தின் மேல். குப்பை உலைக்குப் பக்கத்திலேயே நிலக்கரிக்குப் பதில் மரச்சில்லு எரிக்கும் நிலையம் இருக்கிறது. நாட்டுக்குத் தேவைப்படும் மர எரிபொருளில் கணிசமான பங்கு லாட்வியா, எஸ்டோனியா போன்ற இடங்களிலிருந்து வருகிறது. அதே வெப்பத்துக்கு மரம் வெளியிடும் கரியமில வாயு நிலக்கரியைவிடக் குறைவில்லை. ஆனால் உலகக் கணக்கு விதிப்படி அந்த உமிழ்வு மரத்தை வெட்டிய நாட்டின் காட்டுக் கணக்கில் சேரும். எரித்த நாட்டின் எரிசக்திக் கணக்கில் பூச்சியம். கிளை, மரத்தூள், அறுவைக் கழிவு என்றால் ஒப்புக்கொள்வேன். முழுமரம் என்றால், எரிக்க ஒரு நாள், அது மீண்டும் வளர ஒரு தலைமுறை. இதைச் சொன்னால் இங்குள்ள நண்பர்கள், "மறுபடி நிலக்கரிக்குப் போகலாமா?" என்கிறார்கள். வேண்டாம். கடல்நீரிலும் கழிவுநீரிலும் உள்ள சூட்டை எடுக்கும் பெரிய வெப்பப் பம்புகளை அதே குழாயில் இணைக்கலாம். இந்நாட்டின் எஸ்பியர் நகரில் கடல்நீரைக்கொண்டு அதைச் செய்துகாட்டிவிட்டார்கள்.

டிசம்பரில் வருகிறோம். அடுத்த கூட்டம் அப்போது நடந்தால் சொல், நானும் வந்து உட்காருகிறேன்.

அன்புடன்,
இளங்கோ